நைனா தெரியாத படம்

புயல் ஓய்ந்து மூன்று நாளாகியும் சிங்கவரத்துக்குக் கரண்ட் வரவில்லை. அத்தையின் போனில் ஏழு பர்சென்ட் சார்ஜ்தான் மிச்சம். அத்தைக்கு அதில் பேச மட்டும்தான் தெரியும். படம் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான். "கேம் கீம் ஆடுன, தோல உரிச்சிடுவேன்" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தாள். வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் செத்துவிடுமோ என்று வழியெல்லாம் சார்ஜையே பார்த்துக்கொண்டு போனேன்.

அறுப்புக்குப் பத்து நாள் இருந்த நெல் மொத்தமும் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. நைனா குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்த நிலம் அது. எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். நிவாரணம் வேண்டுமானால் நிலத்துக்காரர் வயலில் நிற்கிற படத்தை மதியத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார் கிராம நிர்வாக அலுவலர்.

நிலத்துக்காரர் செஞ்சியிலிருந்து பைக்கில் வந்தார், சட்டைப்பையில் ஒரு பட்டன் போனோடு. வரப்பிலிருந்து இறங்கியதுமே அவருக்குக் கால் வழுக்கியது. நைனா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். நான் சட்டென்று அமுக்கிவிட்டேன். படத்தைப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இன்னாப்பா, நீ எதுக்கு இதுல நிக்கிற? பட்டா எம்பேர்ல இருக்குது. யாரு இந்த ஆளுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"சரிங்கய்யா, நீங்களே நில்லுங்க. பணம் வந்தா எங்கள மறந்துடாதீங்க."

"மொதல்ல வரட்டும், பாக்கலாம்."

நைனா விலகினால் அவர் சாய்ந்தார். பிடித்தால் படத்தில் நைனா விழுந்தார். இப்படியே போனில் சார்ஜ் மூன்று பர்சென்ட்டுக்கு வந்துவிட்டது. கடைசியில் நைனா அவருக்குப் பின்னால் சேற்றிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் முதுகை முட்டுக் கொடுத்தார்.

"பாப்பா, நான் தெரியறனா?"

"தலமுடி தெரியுது நைனா. குனி. இன்னும் குனி."

தாடை தண்ணீரில் படுகிற வரைக்கும் குனிந்தார். அமுக்கினேன். ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் படம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக அலுவலருக்குப் போய்ச் சேர, போன் அணைந்தது. நைனா எழுந்து, வரப்பிலிருந்த செருப்பை எடுத்து, கரையேறிய நிலத்துக்காரர் காலடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன்.

"நைனா துளிகூட தெரியாத மாதிரி எடுத்தேன்மா!"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கழுத்துவரை சேறு காய்ந்து நின்ற நைனாவைப் பார்த்தாள். அவருக்கு வெந்நீர் வைக்க உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவு நல்ல படத்துக்கு ஒரு சபாஷ்கூடக் கிடையாதா என்று, அன்றைக்கு முழுக்க நான் அம்மாவோடு பேசவே இல்லை.