தாடிக்காரர் சொன்னதை நான் சொல்லவில்லை

1972 ஜனவரி, பொங்கல் கழிந்த அடுத்த வாரம் நடந்தது இது. இடம், மகாபலிபுரத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பி.ஏ. முடித்துவிட்டு செங்கல்பட்டில் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு சும்மா இருந்தேன். சும்மா என்று சொன்னால் என் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தான் என்பார்.

அவர் சொல்வதிலும் தப்பில்லை. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளாகத் தேடி வாங்கி, படங்களைக் கத்தரித்துச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருந்தேன். நிலாவில் இறங்கிய மனிதன், கிதாரோடு நிற்கும் பாடகன், மூன்று நாள் மழையில் சேற்றில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட இளைஞர் கூட்டம், எல்லாம் என் அறையில் இருந்தார்கள். தையற்காரர் தலையில் அடித்துக்கொள்ள, தெருவைப் பெருக்குகிற அளவுக்கு பெல்பாட்டம் தைத்துப் போட்டுக்கொண்டேன். ஆனால் வேலைக்கு மட்டும் ஒழுங்காக மனுப் போட்டிருந்தேன். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே குமாஸ்தா வேலைக்கு நேர்முகத் தேர்வு முடிந்து, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி இருந்தது.

அந்த வருடங்களில் மகாபலிபுரத்தில் ஹிப்பிகள் நிறையப் பேர் வந்து தங்குவார்கள். வாரம் தவறாமல் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போய் அவர்களோடு ஒட்டிக்கொள்வேன். அப்படிப் பழக்கமானவர்தான் அந்த அமெரிக்கர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். குப்பத்தில் ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்திருந்தார். குப்பத்துக்காரர்கள் அவரைத் தாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

ஊரை விட்டு ஏன் வந்தார் என்பதை ஒருநாள் சொன்னார். வியட்நாம் சண்டைக்கு ஆள் எடுக்க, அவர்கள் நாட்டில் பிறந்த தேதிகளை எழுதி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, டெலிவிஷனில் எல்லோரும் பார்க்கச் சீட்டு எடுத்தார்களாம். இவருடைய தேதி ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்தபோது, முடியாது என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். இங்கே தங்குவதற்கான அனுமதியும் முடிந்து போயிருந்தது. எந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் கால் வைத்தாலும் நேராகத் திருப்பி அனுப்பி ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்றார். நானோ சினிமாக் கதை கேட்கிற மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் நல்ல குளிர்காற்று. மீன் சுடலாம் என்று கரையில் சுள்ளி சேர்த்தார். போதவில்லை. மணல்மேட்டில் வெளுத்துப்போன கட்டை ஒன்று தனியாகக் கிடந்தது. இதை எடுக்கலாமா என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கடலைப் பார்க்க வருகிற செங்கல்பட்டுக்காரன் நான். ஆனாலும் இந்த ஊரே என் கைக்குள் இருக்கிற மாதிரி ஒரு மிதப்பு. கடலில் ஒதுங்கிய கட்டைதான், யாருடையதும் இல்லை, தாராளமாக எடுங்கள் என்றேன். நானே ஒரு முனையைப் பிடித்து இழுத்து வந்து நெருப்பில் தள்ளினேன். மீனைத் தின்றுவிட்டு ஏழு மணி பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய் இறங்கினால், கடலுக்குப் போயிருக்க வேண்டிய ஆண்கள் அத்தனை பேரும் அம்மன் கோயில் எதிரில் கூடியிருந்தார்கள். நடுவில் தாடிக்காரர் கை கட்டி நின்றார். பக்கத்தில் பாதி கரிந்த அந்தக் கட்டை.

விஷயம் அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கட்டுமரத்தை எப்போதும் கட்டியே வைத்திருக்க மாட்டார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் குடித்த கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மறுநாள் திரும்பச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் எரித்தது ஒரு கட்டுமரத்தின் ஓரக்கட்டை. ஒரு கட்டை போனால் அந்த மரம் முழுக்க வீண். இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த மாதம் வேறு.

பஞ்சாயத்து என்று கூடிவிட்டால், முடிகிற வரைக்கும் யாரும் கடலில் இறங்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அதனால் எல்லோர் முகத்திலும் எரிச்சல். இது போதாதென்று, போன மாதம்தான் பாகிஸ்தான் சண்டை முடிந்திருந்தது. பாகிஸ்தானுக்குத் துணையாக அமெரிக்கப் போர்க்கப்பல் நம் வங்காள விரிகுடாவுக்குள் வந்த சேதியை ரேடியோவில் கேட்டவர்கள் அவர்கள். ஊர் நாட்டார், அதாவது குப்பத்துத் தலைவர், என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"தம்பி, நீ அவுரு கூட சுத்திகினு கீற ஆளு தானே. இங்கிலீசு தெரியும் இல்ல? இங்க வந்து நில்லு. யாரைக் கேட்டு கட்டைய எட்த்தாருன்னு கேளு."

கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உனக்குத் தெரியாதா என்கிற பார்வை. பிறகு நிதானமாகச் சொன்னார். இது யாருடையது என்று என் பிரெண்டைக் கேட்டேன், ஓகே என்று அவர்தான் சொன்னார், இருந்தாலும் எரித்தவன் நான்தான், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். உதை விழும் என்ற பயம் ஒரு பக்கம். பேர் கெட்டு, கேஸ் என்று போனால், வரப்போகிற வேலை அம்போ. அப்பா முகம் வேறு கண்ணில் வந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

"தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றாருங்க."

அவ்வளவுதான். நடுவில் இருந்த ஒரு வாக்கியத்தை முழுங்கிவிட்டேன். பொய் சொல்லவில்லையே, கொஞ்சம் சுருக்கினேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கட்டைக்குச் சொந்தக்காரர் முன்னால் வந்தார். கண் சிவந்திருந்தது. "கயிறு போட்ட தடம் அதுல பள்ளமா கீது. அது தெரிலயா இவுருக்கு? ஒருத்தரையும் கேக்காம எட்த்துகினு போயி கொளுத்துவாரா?"

"கப்பல் வுட்டவன் தானே. கல்பாக்கத்துல கட்றத வேவு பாக்க வந்தவனா கூட இருப்பான். ஸ்டேசன்ல வுட்டா தெரிஞ்சிடும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

ஸ்டேஷன் என்ற வார்த்தை தாடிக்காரருக்கும் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் வற்றியதைக் கண்ணால் பார்த்தேன்.

நாட்டார் கையமர்த்தினார். கோயிலிலிருந்து ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னார். சொன்னது உண்மை என்றால் அம்மன் எதிரில் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அதை அவருக்கு விளக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. நான் எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்று கேட்டார். நீங்கள் சொன்னது உண்மை என்பதற்கு என்றேன். அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நெருப்பின் மேல் கையை வைத்து அழுத்தினார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கூட்டம் கேட்டது நான் சொன்னதை. என் பொய்க்கு, அம்மன் சன்னிதியில், அவர் கையைச் சுட்டுக்கொண்டார். சின்ன வயதில் அம்மை போட்டு நான் படுத்திருந்தபோது எனக்காக வீட்டில் வேண்டிக்கொண்டதும் ஓர் அம்மனிடம்தான். அப்போதும் வாய் திறக்கவில்லை, பாருங்கள். அவ்வளவு கோழை நான்.

சத்தியம் செய்தும் கோபம் அடங்கவில்லை. தெரியாமல் எடுத்தாலும் கேட்காமல் எடுத்தது திருட்டுதான், ஸ்டேஷனுக்கே போகலாம் என்று இரண்டு பேர் சைக்கிளை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் கட்டைக்காரரின் மனைவி எழுந்து வந்தார். வெள்ளைக்காரர்கள் தங்கும் இடங்களுக்குக் கூடையில் மீன் கொண்டுபோய் விற்கிறவர். சத்தம் போடவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, அவுரு பேசசொல்ல பிரெண்டுன்னாரு, ஓகேன்னாரு. அந்த ரெண்டும் எனக்குத் தெரியும். தெனம் மீன் விக்கசொல்ல கேக்கறது தான். நீ சொன்னதுல அது ரெண்டும் வர்லியே."

இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார்.

"அந்த பிரெண்டு யாரு?" என்றார்.

தப்பிக்க அப்போதும் வழி இருந்தது. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை. எனக்குத்தான் முழு மொழியும் தெரியும். ஆனால் நஷ்டப்பட்டவர் வீட்டுப் பெண்ணே வந்து, நஷ்டம் செய்தவருக்காக என்னைக் கேட்கிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தாம்மா" என்றேன். "எடுக்கலாமான்னு கேட்டாரு. யாருதும் இல்ல, எடுங்கன்னு நான்தான் சொன்னேன். இழுத்துட்டு வந்ததும் நான்தான். இப்ப அவர் அதைத்தான் சொன்னாரு. நான் மறைச்சுட்டேன்."

கட்டைக்காரர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். அவர் மனைவிதான் கையை விலக்கினார். "அடிச்சா கட்டை வந்துடுமா? வுடு" என்றார். நாட்டார் தாடிக்காரரின் கையைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "படிச்ச புள்ள. அந்தாளு கையப் பாரு" என்று மட்டும் சொன்னார். அதற்கு ஓர் அறை விட்டிருக்கலாம்.

தீர்ப்பு இதுதான். வீட்டில் இருக்கும் என் சைக்கிளை விற்றாவது அதே அளவில் ஒரு கட்டையை நான் வாங்கித் தர வேண்டும். அது வந்து சேரும்வரை தினமும் காலையில் கட்டைக்காரரோடு சேர்ந்து நானும் கரைவலை இழுக்க வேண்டும். கரையில் நின்றபடி கடலிலிருந்து கயிற்றால் பெரிய வலையை இழுக்கிற வேலை அது. தாடிக்காரர் மேல் குற்றமில்லை, அவர் போகலாம்.

இதை அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியவனும் நான்தானே. தீர்ப்பைச் சொல்வதற்கு முன்னால், அவர் சொன்னதில் எதை விட்டேன், ஏன் விட்டேன், எதற்காக அவர் கை வெந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் திரும்பிக் குடிசைக்குப் போய்விட்டார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பெல்பாட்டத்தை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. எனக்குப் பின்னால் யாரோ வந்து கயிற்றைப் பிடிப்பது தெரிந்து திரும்பினேன். தாடிக்காரர். சுட்ட கையில் துணி சுற்றியிருந்தார். உங்களுக்குத்தான் தண்டனை இல்லையே என்றேன். எரிந்த கட்டை எரிந்ததுதானே என்றார். கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, நேற்று ரொம்பப் பயந்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தான் சண்டைக்கு வர முடியாது என்று சொல்லப் போன அன்றைக்கு, அந்த அதிகாரியின் மேஜைக்கு எதிரில் நின்றபோது, கால்சட்டையிலேயே சிறுநீர் போய்விட்டது என்றார். இதை யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

நான்கு நாள் இழுத்தோம். ஐந்தாம் நாள் புதுக் கட்டை வந்தது. அந்த வாரமே அவர் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். விலாசம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து வருடம் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

பயப்படாதவன்தான் உண்மை பேசுவான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரும் என்னைப் போலவே நடுங்கியவர்தான், ஆனால் நடுங்கிக்கொண்டே சொல்லிவிட்டார். இன்றைக்கும் அவர் என்ன சொன்னார் என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்குப் பாதகமான வாக்கியத்தைத்தான் முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிக்கு வைத்தால் முழுங்கிவிடுகிற ஆள் நான் என்பது எனக்குத் தெரியும்.