போர்டு கம்பெனியுடையது, வாடகை எங்களுடையது

பிரான்சைஸ் என்பது, பணம் கட்டி முதலாளியாகி, மறுநாள் காலையிலிருந்து இன்னொருவர் சொல்படி வேலை பார்க்கிற தொழில்.

உங்களில் யாராவது அப்படி ஒரு கடை வைத்திருந்தால் இந்த வரியிலேயே தலையாட்டியிருப்பீர்கள். வைக்கப் போகிறவர்கள் சிரித்திருப்பீர்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற ரோட்டில் மூன்று வருடம் டீயும் மில்க் ஷேக்கும் விற்றோம். நாங்கள் என்றால் மூன்று பேர். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற அப்பா, பி.காம். முடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்த நான். வன்னியம்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த மாரியக்கா. ஓய்வு பெற்றபோது அப்பாவுக்கு வந்த பணத்தில் பாதி கடைக்குள் போய்விட்டது. மீதிப் பாதி பேங்க்கில் டெபாசிட்டாக இருந்தது. மூன்று வருடம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டணம், கடையைப் புது மாதிரிக்கு மாற்றச் செலவு என்று அந்த மீதியையும் கேட்பார்கள் என்பது முதல் நாள் போட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது. அந்தப் பாதியாவது தப்புமா என்ற கவலையோடுதான் தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினேன்.

மைக் தாண்டிப் போனது

கடை எடுப்பதற்கு முன், மதுரையில் ஒரு ஏசி ஹாலில் அந்தக் கோயம்புத்தூர்க் கம்பெனி கூட்டம் போட்டது. போட்ட பணம் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும் என்று கோட்டு போட்ட ஒருவர் திரையைக் காட்டிச் சொன்னார். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் அப்பாவைப் போன்றவர்கள். ஓய்வு பெற்ற போலீஸ்காரர், வி.ஆர்.எஸ். வாங்கிய வாத்தியார், துபாயிலிருந்து திரும்பியவர். வாழ்க்கையில் ஒரே தடவை மொத்தமாகப் பணம் கைக்கு வந்தவர்கள். இன்னொரு தடவை வராது என்பதும் தெரிந்தவர்கள். அதனாலேயே அதை எங்காவது சீக்கிரம் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்ற அவசரம் எல்லார் முகத்திலும் இருந்தது.

என் நோட்டில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தேன்: இதுவரை திறந்த கடைகளில் எத்தனை கடை மூடியிருக்கிறது? மைக் எங்கள் வரிசைக்கு வந்தது. காலேஜில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கவே கூச்சப்பட்டவள் நான். நோட்டை மூடிக்கொண்டேன். மைக் என்னைத் தாண்டிப் போனது. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது அப்பா திருப்தியாகச் சொன்னார்:

“பாத்தியா பாப்பா, அம்புட்டுப் பேர்ல ஒரு ஆளு மறுத்துப் பேசல. அப்ப விஷயம் சரியாத்தான் இருக்கு.”

முப்பத்தெட்டுப் பக்கம்

ஒப்பந்தம் முப்பத்தெட்டுப் பக்கம். சரக்கு எல்லாம் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். அதன் விலையைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நாங்கள் விற்கிற விலையையும் கம்பெனியே சொல்லும். மேலேயும் அவர்கள், கீழேயும் அவர்கள், நடுவில் நசுங்குகிற இடம் மட்டும் எங்களுடையது. பென்சிலால் கோடு போட்டு அப்பாவிடம் காட்டினேன். “அது ரூல்ஸ் பாப்பா, அப்படித்தான் இருக்கும்” என்றார்.

மற்ற கடைக்காரர்கள் ஒப்பந்தத்தைக் கையெழுத்து போட்டு மேஜை டிராயருக்குள் தள்ளிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அப்பாவுக்கு அது மேலிடத்து ஆர்டர். எழுதிக் கொடுத்தது ஒன்று, நடப்பது ஒன்று என்று இருக்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. கம்பெனி கொடுத்த செய்முறை அட்டையைச் சமையல் மேடைக்கு மேல் ஆணியடித்து மாட்டினார். பவுடர் இத்தனை கிராம், தண்ணீர் இத்தனை மில்லி, கலக்குவது இத்தனை விநாடி. ராஜபாளையத்தில் முத்திரை வைத்துக் கொடுத்த நோட்டரி வக்கீல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

“சார், நீங்க செய்ய வேண்டியது முப்பத்தேழு பக்கம் இருக்கு. அவிய செய்ய வேண்டியது எந்தப் பக்கம்னு எனக்கும் ஒரு தடவ காட்டுங்களேன்.”

எந்தூர் மாடு

மாரியக்காவுக்கு இரண்டு கறவை மாடுகள். விடியக்காலையில் கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, பஸ் பிடித்து வந்து, கம்பெனித் தொப்பியை மாட்டிக்கொண்டு எங்கள் கடையில் பவுடரைத் தண்ணீரில் கரைப்பார். ஒப்பந்தத்தில் ‘பால்’ என்று எழுதியிருப்பது அந்தப் பவுடரைத்தான். கரைத்த பால் லிட்டருக்கு என்ன அடக்கம் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாரியக்காவுக்குச் சொசைட்டி கொடுக்கிற விலையைப் போல் இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்தது. கணக்கை அவரிடம் காட்டவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

கடை திறந்த முதல் வாரத்தில் பக்கத்துத் தெருவில் பால்கோவா கிண்டுகிற மாஸ்டர் ஒருவர் வந்தார். நாள் முழுக்கப் பால் சட்டி முன்னால் நிற்கிறவர். மசாலா பால் வாங்கி ஒரு வாய் குடித்தார். கப்பை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “ஏத்தா, இது எந்தூரு மாட்டுப் பாலு?” என்று கேட்டார். மாரியக்கா திரும்பாமலே பதில் சொன்னார்:

“கோயம்புத்தூரு மாடு அண்ணாச்சி. பார்சல்ல வருது. தண்ணி ஊத்துனா எந்திரிச்சுக்கிடும்.”

ஒன்றுக்கு ஒன்று

இரண்டாம் வருடம் கம்பெனி தன் செயலியில் ஒரு சலுகை அறிவித்தது. ஒரு மில்க் ஷேக் வாங்கினால் இன்னொன்று இலவசம். எங்களைக் கேட்கவில்லை. அந்த இலவச மில்க் ஷேக்கின் பவுடர், கப், ஸ்ட்ரா எல்லாம் எங்கள் செலவு. ராயல்டி என்று கம்பெனி எடுக்கிற பங்கு மட்டும் விற்பனைத் தொகையில் வழக்கம்போல் அவர்களுக்குப் போனது. விற்க விற்க நஷ்டம் வருவதை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

இருந்தாலும் கடை நிறைந்திருந்தது. பெஞ்சில் இடமில்லாமல் காலேஜ் பையன்கள் வாசலில் நின்றார்கள். அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்காரர் எங்களைப் பொறாமையாகக் கூடப் பார்த்தார். சலுகை முடிந்த மறுநாள், தினமும் வந்த பையன்களில் ஒருவன் எட்டிப் பார்த்து விலையைக் கேட்டான். பிறகு மரியாதையாகச் சொன்னான்:

“அடுத்த ஆஃபர் எப்பன்னு சொல்லுங்கக்கா, அப்ப வாரோம்.”

தேரன்று

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஆடிப்பூரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வருடத்தில் பாதி மாதங்கள் ஈ ஓட்டினாலும் தேரோட்டத்து நாட்களில் நிமிர்ந்துவிடலாம். அந்த வருடம் முன்பணம் கட்டிப் பத்து நாள் ஆகியும் பவுடர் வரவில்லை. போன் செய்தால், “குடோன்ல ஸ்டாக் இல்ல சார், வந்ததும் உங்களுக்குத்தான் முதல்ல” என்றார் ஏரியா மேனேஜர். தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் டப்பா காலி.

மாரியக்கா கெஞ்சினார். “அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு எம் மாட்டுப் பாலக் கொண்டாரேன். பத்தலன்னா எங்க தெருவுல எம்புட்டு வேணும்னாலும் வாங்கலாம். எவன் வந்து கப்புக்குள்ள எட்டிப் பாக்கான்?” வேறு ஊர்க் கடைக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள் என்று நானும் மெதுவாகச் சொன்னேன். அப்பா செய்முறை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதிக் குடுத்திருக்கோம்லா” என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. நாங்கள் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் விற்றோம். தேவதானத்திலிருந்து வந்த ஓர் அம்மா, இடுப்பில் குழந்தையோடு பால் கேட்டார். இல்லை என்றேன். போர்டில் இருந்த பெரிய பால் கிளாஸ் படத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

“பாலுக்கே பேர் போன ஊர்ல, தேரன்னிக்கி, பால் இல்லைன்னு சொல்லுத கடைய இன்னைக்குத்தான் பாக்கேன்.”

ஒரு டீயின் விலை

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஏரியா மேனேஜர் நேரில் வந்தார். ராஜபாளையத்தில் புதுக் கடை எடுக்க ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். எங்கள் கடையைப் பார்க்க மறுநாள் வருவாராம். “நல்லாப் போகுதுன்னு ரெண்டு வார்த்த சொல்லுங்க சார். அவர் சேந்துட்டா உங்க புதுப்பிப்புக் கட்டணத்துல பாதி தள்ளுபடி” என்றார். அப்பா “சரி” என்றார். எந்த ஆர்டருக்கும் சொல்கிற அதே ‘சரி’. கடையை விடவும் அப்பாவுக்கு மனமில்லை. டெபாசிட்டை முழுக்கக் கரைக்கவும் மனமில்லை. அந்தத் தள்ளுபடி இரண்டுக்கும் வழி காட்டியது. அது இன்னொருவர் பணத்தின் மேல் போகிற வழி என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வந்தவர் ஓய்வு பெற்ற ஏட்டு. அப்பாவின் வயதுதான். டீ வாங்கிக்கொண்டு, “எப்படிண்ணே போகுது?” என்றார். “போகுது” என்றார் அப்பா. ஏட்டு என் பக்கம் திரும்பினார். “கணக்கு நீதான் பாக்கியாம்மா? இந்தக் கம்பெனில இதுவரைக்கும் எத்தன கட மூடியிருக்கும்?”

என் பழைய கேள்வி. அதற்கு ஓரளவு பதில் அப்போது என்னிடம் இருந்தது. கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒவ்வொரு பெயராக வெளியேறுவதை மூன்று வருடமாகப் பார்த்தவள். குரல்தான் இப்போதும் வரவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் கடைக் கணக்கு நோட்டை எடுத்து, எழுத்து அவர் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து, கேஸ் கட்டு படிப்பதுபோல் படித்தார். அப்பா எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நோட்டை ஆடி மாதத்துக்குப் புரட்டினார். தேர் நாளுக்கு எதிரே, பால் விற்பனை என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் கிடந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார். “இதையும் பாத்துக்கிடுங்க” என்றார்.

ஏட்டு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காசு வேண்டாம் என்று அப்பா தடுத்தும் கேட்காமல் கல்லா மேல் வைத்தார்.

“ஒரு டீக்கு முப்பது ரூவாயான்னு உள்ள வரும்போது நெனச்சேன். ஆனா என் ஆயுசுல இம்புட்டு மலிவா நான் டீ குடிச்சதில்லண்ணே.”

இறக்கிய பிறகு

நாங்கள் புதுப்பிக்கவில்லை. ஒப்பந்தம் போட்டபோது கட்டிய முன்பணத்தில் போர்டு இறக்குகிற கூலி, சுவருக்குப் பழைய நிறம் அடிக்கிற செலவு என்று கழித்துக்கொண்டு ஒரு சின்னத் தொகை அனுப்பினார்கள். ஃப்ரீசரை வாங்கின விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு விற்றோம். அதே இடத்தில் ஒரு வருடத்துக்குப் பால், டீ விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அப்பா அதற்கும் கீழ்ப்படிந்து சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார். கடைக்குள் போன பாதி போனதுதான். பேங்க்கில் இருந்த பாதி அப்படியே இருக்கிறது.

மாரியக்கா அந்தப் பால்கோவா மாஸ்டரிடமே வேலைக்குப் போகிறார். அவர் மாட்டுப் பாலும் அங்கேதான் போகிறது. நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி. கேட்டுக்குப் பக்கத்தில் செய்ய வேண்டியவை, கூடாதவை என்று ஓர் அட்டை தொங்குகிறதாம். முதல் மாதச் சம்பளம் வாங்கி வந்த அன்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

“இங்கயும் ஆர்டர்தான் பாப்பா. ஆனா மாசம் முடிஞ்சா அவன் நமக்குக் குடுக்கான்.”

கேட்கக் கூச்சப்பட்ட ஒரு கேள்விக்கு ஆகிற செலவைத்தான் எந்த ஒப்பந்தமும் தனி வரியாகக் காட்டுவதில்லை.