புடவைக்கடைப் பார்சல்

கடன்பட்டவனுக்கு முதலில் கெட்டுப்போவது காது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தூக்கம் கெடும், வயிறு கெடும் என்பார்கள். அதெல்லாம் பிறகு வருவது. மாத்தளை டவுனில் ஒரு வாசனைச்சரக்குக் கிட்டங்கியில் மூட்டை நிறுத்துக் கணக்கெழுதும் வேலை எனக்கு. தெருவில் எத்தனையோ பேர் போவார்கள், வருவார்கள். அத்தனை செருப்புச் சத்தத்திலும் ஒரே ஒருவருடைய செருப்பின் சத்தத்தை மட்டும் என் காது தனியாகப் பிரித்தெடுத்துவிடும். மிளகு மூட்டை தராசில் ஏறி நிற்கும், முள் ஆடி அடங்கியிருக்கும், நான் நிறையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் செருப்புக்காரர் ஊரில் பெரிய மனிதர். கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில் வட்டிக்குக் கொடுத்தார். அம்மன் கோயில் தேருக்கு வடம் பிடிக்கும்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பார். எல்லாரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாளாவது அவர் என்னிடம் காசைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருப்பேன். அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" பெற்ற தாய்கூட அவ்வளவு பாசமாகக் கேட்க மாட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

கடன் வந்த கதை பெரிய கதையில்லை. அறுபதுகளின் கடைசியில், நாலந்தாவுக்கு அப்பால் குத்தகைக்கு நிலம் பிடித்து மிளகாய் போட்டவர்கள் இரண்டே போகத்தில் கல்வீடு கட்டிவிட்டார்கள் என்று டவுனெல்லாம் பேச்சு. அடுத்தவன் மூட்டையை நிறுத்தே கிழவனாகப் போகிறோமே என்று எனக்கு ஆத்திரம். அலுவிகாரைக்குப் போகும் வழியில் அப்பா வாங்கிப் போட்ட துண்டுக் காணியும் அதில் இரண்டு அறை வீடும் எங்களுக்கு இருந்தன. அந்த வீட்டு உறுதிப் பத்திரத்தை முதலாளியிடம் ஈடு வைத்து மிளகாய் போட்டேன். காய் பழுக்கிற நேரம் பார்த்து மழை பிடித்தது. விட்ட பாடில்லை. செடியோடு அழுகிக் கிடந்த மிளகாயைப் பார்த்தபடி வரப்பில் குந்தியிருந்தேன். பேராசை பெருநஷ்டம் என்று பள்ளிக்கூடத்துக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவன்தான் நான். கையெழுத்து நன்றாக வந்தது, புத்திதான் வரவில்லை.

என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் கூடாது. அதைக் காப்பதே எனக்கு முழுநேர வேலையாகிப்போனது. அவள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா பட்ட கடனுக்கு, அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போது, லயத்துக்குள் ஆட்கள் புகுந்து அடுப்பில் இருந்த பானையைக்கூட இறக்கிக்கொண்டு போனார்களாம். கஞ்சியை மண்ணில் ஊற்றிவிட்டுப் பானையை எடுத்துப் போனார்கள் என்று கல்யாணமான புதிதில் சொல்லி அழுதாள். கஞ்சி குடித்தாலும் பரவாயில்லை, கடன் மட்டும் வாங்கிவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள். அப்படிப்பட்டவளிடம் போய் வீட்டு உறுதி பெட்டியில் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? விஷயம் தெரிந்த அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று உறுதியாக நம்பினேன். வீடு போவதைவிட எனக்கு அதுதான் பயம்.

ஆகவே பொய்யாகச் சொன்னேன். கிட்டங்கியில் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றேன். கொடுத்ததை அவள் வாங்கிக்கொண்டாள். குறைத்த காசு மாதாமாதம் வட்டிக்குப் போனது. அதுவும் போதவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாலந்தாச் சந்தையில் ஒரு வியாபாரிக்குத் தராசு பிடிக்கப் போனேன். வீட்டில் கேட்டால் நாலந்தாவில் ஒரு சினேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்பேன். யார் அந்தச் சினேகிதன் என்று ஒரு தரம் கேட்டாள். அதற்கு நான் கத்திய கத்தலில் மறுபடி கேட்கவில்லை. வரவர அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதே எனக்கு நின்றுபோனது. நெத்திலி வாங்கியதற்கும் சண்டை, விளக்கு அணைக்க மறந்ததற்கும் சண்டை. குற்றம் செய்தவன் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. அவன்தான் முதலில் பாய்வான்.

இப்படி இரண்டு வருடம் போனது.

எழுபதாம் ஆண்டு தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அரசாங்கம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகள் இனிமேல் செல்லாது, வைத்திருப்பவர்கள் சில நாட்களுக்குள் வங்கியில் கட்டிவிட வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். தேத்தண்ணிக் கடையெல்லாம் இதே பேச்சு. தலையணைக்குள் பதுக்கியவன், நெல்லுக்குள் பதுக்கியவன் என்று ஆளுக்கொரு கதை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நூறு ரூபாய் நோட்டு என் கையில் ஒரு ராத்திரி தங்கியே நெடுங்காலம் ஆகியிருந்தது. செல்லாவிட்டால் எனக்கென்ன? பிள்ளைகளிடம் இந்தத் தீபாவளிக்குப் புது உடுப்பு இல்லை என்று ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம் செருப்புச் சத்தம் கேட்டது. வழக்கமாக நிதானமாக வரும் சத்தம் அன்று தடதடவென்று வந்தது. முன்வாசலில் நிற்காமல் கொக்கோ மூட்டைகள் அடுக்கியிருந்த பின்பக்கமாக முதலாளி உள்ளே வந்தார். சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. அவரே சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை.

"தம்பி, எனக்கு ஒரு ஒதவி செய்யணும்," என்றார்.

நான் திடுக்கிட்டுப் போனேன். அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருமென்று கனவிலும் நினைத்ததில்லை. அவர் பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்தார். புடவைக்கடையில் சாரம் சட்டைத்துணி சுற்றித் தரும் அதே பழுப்புக் கடதாசி, அதே சிவப்பு நூல். எல்லாவற்றையும் தன் பேரில் கட்டினால் அரசாங்கம் கணக்குக் கேட்கும் என்றும், உள்ளே இருக்கும் நோட்டுகளை என் வங்கிப் புத்தகத்தில் போட்டு வைக்கும்படியும், சூடு ஆறியதும் தான் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். இந்த மாத வட்டி வேண்டாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்லகூட மூச்சு விட வேணாம். நீங்கதான் வீட்ல ஒண்ணும் சொல்ற ஆள் இல்லையே," என்றார்.

அது எப்படி அவருக்குத் தெரியும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சரிங்க முதலாளி என்று தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிற்காமல், என்னை நம்பினாரே என்று சந்தோஷமும் பட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. என் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்ததற்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். பார்சலுக்குள் இருந்தது நான் பட்ட கடனைவிட அதிகம். ஆசை வரவில்லை என்றால் பொய். ஆனால் உறுதி அவர் பெட்டியில் இருந்தது. குடுமி அவர் கையில்.

மறுநாள் காலை என் மனைவி அக்கா வீட்டுக்குப் போய் வருவதாகச் சொன்னாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கிட்டங்கியில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் பார்சலோடு வங்கிக்குப் போனேன்.

வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. பொலிஸ்காரர் ஒருவர் வெயிலில் நின்று ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் எங்கள் தெருத் தையல்காரர் நின்றார். அவர் கையில் பழுப்புக் கடதாசிப் பார்சல், சிவப்பு நூல். தீபாவளிக்குத் துணி வாங்கிவிட்டு அப்படியே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் என் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அவர் கையிலும் அதே பார்சல். இன்னும் தள்ளித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவர் தன்னுடையதைக் குடைக்குள் மறைக்கப் பார்த்தார், நூலின் சிவப்பு வெளியே தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் வங்கிச் சுவரையே படித்துக்கொண்டிருந்தோம்.

டவுனில் கடனாளி நான் ஒருவன்தான் என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். கோயிலிலும் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் இவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நிம்மதியாக வாழும் மனிதர்கள் என்று வயிறெரிந்திருக்கிறேன். வாத்தியாரைக் கண்டு ஒதுங்கிக்கூடப் போயிருக்கிறேன். அவரும் அதற்காகவே என்னைக் கண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். தையல்காரர் கடைசியில் திரும்பி என் பார்சலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வாய் கோணிச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரித்தபடியே தலையைத் திருப்பியபோதுதான் பெண்கள் வரிசையைப் பார்த்தேன்.

என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் பார்சல்.

முதலில் எனக்கு வந்தது கோபம். வேண்டாம் என்று சொல்லியும் உடுப்பு வாங்கியிருக்கிறாளே, எந்தக் காசில் வாங்கினாள் என்றுதான் மனம் போனது. இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டேன். அப்புறம்தான், அவள் நிற்பது வங்கி வரிசையில் என்பது மண்டையில் ஏறியது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அவளும் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பேயைக் கண்டவள் மாதிரி முகம் வெளுத்துப்போனது. நாங்கள் இருவரும் அவரவர் வரிசையில் நகர்ந்து நகர்ந்து, முதலாளியின் பணத்தை அவரவர் பேரில் கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். அவள்தான் முதலில் சொன்னாள். நான் குறைத்துக் கொடுத்த காசில் மாதம் ஓடவில்லை. என்னிடம் கேட்டால் பாய்வேன். ஆகவே முதலாளியின் சம்சாரத்திடம் வளையலை வைத்து, பிறகு தோட்டை வைத்து, கடைசியில் வைக்க ஒன்றுமில்லாமல் வெறும் வாய்ச்சொல்லுக்கும் வட்டிக்கு வாங்கியிருக்கிறாள். அவள் காதில் கிடந்தது பித்தளை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மாதம் பிறந்ததும் நான் அந்த வீட்டு முன்வாசலில் வட்டி கொடுத்திருக்கிறேன். அடுத்த சில நாட்களில் அவள் அதே வீட்டுப் பின்வாசலில் கடன் வாங்கியிருக்கிறாள். என் கையிலிருந்து போன நோட்டே அவள் கைக்கு வட்டியோடு வந்திருக்கும். புருஷனும் பெண்சாதியுமாக அந்த வீட்டுக்கு உழைத்திருக்கிறோம். முதலாளியும் அவர் சம்சாரமும் ராத்திரிச் சாப்பாட்டில் எங்களைப் பற்றிப் பேசிச் சிரித்திருப்பார்களோ என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தப் பணத்தை அவர் பிறகு கறாராக வாங்கிக்கொண்டார். உறுதியை மீட்க எங்களுக்கு இன்னும் பல வருடங்கள் பிடித்தன. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இவள் இப்போது எழுந்து போய்விடுவாள்.

"நீங்க எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். உறுதியை வைத்தது, மிளகாய் அழுகியது, சம்பளம் குறையாதது, ஞாயிற்றுக்கிழமை தராசு பிடிக்கப் போனது. குனிந்துகொண்டேதான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நாலந்தாவுல தராசா புடிச்சீங்க?"

"ஆமா."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன?"

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கடைக்காரன் எங்களையே பார்த்தான். அழுகைக்கு நடுவில் அவள் சிரிப்பது போலவும் இருந்தது. பயந்துபோய் என்ன என்ன என்று கேட்டேன்.

"கடன்தானாங்க?" என்றாள். "நாலந்தாவுல ஒரு குடும்பம் வச்சிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன். அவ செவப்பா, நெட்டையா இருப்பான்னு ஒரு முகம்கூட நெனச்சு வச்சிருந்தேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி ஆறுகிறது குடியுங்கள் என்று என் பக்கம் தள்ளினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் நாலந்தாவுக்குப் புறப்படுமுன் எனக்குச் சட்டை தோய்த்து மடித்துக் கொடுத்தவள் அவள்தான்.