நாடகப் பெட்டித் துப்பாக்கி

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. சிங்கவரம் பக்கம் எங்கள் ஊர். செஞ்சி பஸ் ஸ்டாண்ட் அருகே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஊர்க்காரர்களே நாடகம் போடுவோம். நான்தான் வில்லன். இன்ஸ்பெக்டர் வேஷம் என் தம்பிக்கு. கடைசிக் காட்சியில் அவன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்துச் சுடுவேன். திரைக்குப் பின்னால் ஒருவர் வெடி கொளுத்துவார்.

அந்தத் துப்பாக்கி கிரீடம், தாடி, அட்டைக் கத்தியோடு நாடகப் பெட்டியில் கிடந்தது. யார் எப்போது போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல கனம். பழைய கைப்பிடியைக் கழற்றிவிட்டு எருமைக்கொம்புத் தகடு வைத்து, மேடை வெளிச்சத்தில் மின்னுவதற்காகக் கண்ணாடிச் சில்லும் பதித்திருந்தார்கள். குழாயையும் யாரோ அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். எங்களைப் பொறுத்தவரை அது டம்மி.

பழைய பொருளெல்லாம் லட்சக்கணக்கில் விலை போகிறது என்று ஏதோ வீடியோவில் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. விலை விசாரிப்பதற்கு முன் கொஞ்சம் சுத்தம் செய்வோம் என்று கடைக்கு எடுத்து வந்தேன். எதைக் கண்டாலும் நோண்டாமல் இருக்காத கை என்னுடையது. குண்டு போடும் உருளை துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து எண்ணெய் விட்டதும் சுற்ற ஆரம்பித்தது. ஆறு துளைகளில் ஒன்றில் மட்டும் ஈயம் தெரிந்தது. டம்மி ஆக்குவதற்காக ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்று சாயங்காலம் ஒத்திகையில் விசையை அழுத்தியபோது உருளை அழகாகச் சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை, பேங்கில் காவலுக்கு இருக்கும் முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் ரீசார்ஜ் செய்ய வந்தார். அவரிடம் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கியவுடன் குழாயைத் தரைப்பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இன்னா தம்பி இது? எங்க கெடச்சிச்சு?"

"நாடகத்துக்கு வச்சிருக்கிற டம்மி சார். கைப்பிடி ஸ்பெஷலா செஞ்சது. இன்னா வெல போவும்?"

அவர் எனக்குப் பிடிபடாத ஒரு கொக்கியை அழுத்தித் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்தார். பச்சை பூத்த பித்தளைத் தோட்டா ஒன்று கடை மேஜையில் விழுந்தது. நான் ஈய அடைப்பு என்று நினைத்தது அதன் மூக்கை.

பிறகு என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கொம்புத் தகட்டைக் கழற்றினார். அடியில் கிரீட முத்திரையும் நம்பரும் இருந்தன. "வெள்ளக்காரன் காலத்து அசல் ரிவால்வரு. கொழாய அறுத்து, சில்லு ஒட்டி, கெடுத்து வச்சிருக்கானுங்க. லைசென்ஸ் இல்லாம இத வெச்சிருந்தா வெலயில்ல தம்பி, ஜெயிலுதான்" என்றார்.

ஜெயில் என்றதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. அவர் தோட்டாவை எடுத்துப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் புதிதாக, பளிச்சென்று ஒரு குழி.

"கடைசியா விசைய எப்ப அழுத்தின?"

"நேத்து சாயங்காலம் சார்."

"துப்பாக்கியோட சுத்தி கரெக்டா இது மேல அடிச்சிருக்குது. மருந்து நமுத்துப் போனதால வெடிக்கல. எதிர்ல யார்னா நின்னாங்களா?"

என் தம்பி நின்றான். சட்டையில் படும்படி வைத்துத்தான் அழுத்தினேன். போதாததற்கு, "சுட்ட ஒடனே விழ வேணாமா? மரம் மாதிரி நிக்கிற" என்று அவனைத் திட்டவும் செய்தேன். கடை வாசலிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அவரே கூட வந்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வைத்தார். அங்கே ஆயிரம் கேள்வி. எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. நாங்களாகவே கொண்டுவந்ததால் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கையைக் கழுவினான். பிறகு, "நைனாக்குத் தெரிய வேணாம்ண்ணா, பயந்துக்கும்" என்றான். இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாடகம் நடந்தது, திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கியோடு. வில்லனாக வேறொருவர் நடித்தார். வெடிச்சத்தம் கேட்டுத் தம்பி விழுந்ததும் ஊரே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. அவன் எழுந்திருக்கும்வரை மேடையோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

துப்பாக்கிக்கு என்ன விலை என்று கேட்கப் போனவன் நான். தெரியாததைத் தெரியும் என்று நினைத்ததற்கு என்ன விலை கொடுத்திருப்பேன் என்பது, தம்பி 'அண்ணா' என்று கூப்பிடும்போதெல்லாம் உறைக்கிறது.