செர்ரி தின்னாத வீடு

என் நாத்தனார் மிசெல்லி பகலெல்லாம் செர்ரி மரத்து ஏணியில் நிற்பாள். ஒரு பழத்தைக்கூட வாயில் போட மாட்டாள். அவள் அம்மாவும் அப்படித்தான். பருவத்தின் முதல் கூடையில் காம்பு ஒட்டிய ஒரு ஜோடிப் பழத்தை மிசெல்லி தேடியெடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் நெருப்பில் போடுவாள். ஏன் என்று கேட்டால், "எங்க வீட்டுல அப்படித்தான், அண்ணி" என்பாள். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த நான் அவள் கண்ணெதிரே வாய் சிவக்கத் தின்று பார்த்தேன். சிரித்தாளே தவிர, அசையவில்லை.

இங்கிலாந்தின் கென்ட் தோட்டங்களில் செர்ரி முடிந்தால் ஆப்பிள், அது முடிந்தால் வேறெங்காவது என்று வண்டிகளோடு நகர்கிற ரோமானிகள் நாங்கள். எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் முதலில் நலம் விசாரிப்பதில்லை. "நீங்க யாரோட ஆளுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்டதும் மிசெல்லி தலை குனிந்துவிடுவாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி ஓஷன், சின்னப் பெண்ணாக ஏதோ ஒரு கூட்டத்தோடு வந்து சேர்ந்தவள். பெற்றவர்கள் யாரென்று சாகிறவரை வாயே திறக்கவில்லை.

"பெத்தவன்னு ஒருத்தி இருந்திருந்தா ஒரு தடவையாச்சும் பேரைச் சொல்லியிருக்க மாட்டாளா? வெளியாளுங்க வேலியோரமா போட்டுட்டுப் போன பிள்ளைடி அது" என்பாள் கெர்லெண்டா. ஊர் வம்பையெல்லாம் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிகிறவள்.

தான் எங்கள் ரத்தம்தானா என்று தெரியாமலே கண்ணை மூடிவிடுவோமோ என்பதுதான் மிசெல்லியின் பயம். அவளுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். வெள்ளைப் பூ உதிர்கிற தோட்டத்தில் ஒரு பெண் முதுகு காட்டி நடந்துகொண்டே இருப்பாள். கூப்பிடப் பேர் தெரியாமல் இவள் பின்னாலேயே போவாள். விழித்த பிறகும் தலைமுடியில் பூ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க சர்ச் ஞானஸ்நானப் பதிவுகளைத் துருவினாள். ஓஷன் என்ற பேர் மூன்று ஊர்களில் அகப்பட்டது. ஊருக்கு ஒரு தாய், ஊருக்கு ஒரு தகப்பன்! இவை மூன்று வேறு குழந்தைகள் என்று பதிவறைக்காரர் அடித்துச் சொல்லிவிட்டாராம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அடி போடி! ஞானஸ்நானம்னா பாதிரியார் வீட்டம்மா கம்பளி குடுப்பாங்க, கேக்கு குடுப்பாங்க. ஒரே பிள்ளையை ஊர் ஊராத் தூக்கிட்டுப் போயி, வாயில வந்த பேரைச் சொல்லியிருப்பாங்க."

"அப்ப மூணுல எது நெஜம், அண்ணி?"

"மூணுமே புளுகா இருக்கும்."

"ஓஷன்னு பேர் வெக்காத கூட்டம் எது? அதுல ஒண்ணு உன் ஓஷன்னு யாரு கண்டா?" என்று கெர்லெண்டா வேறு கொளுத்திப் போட்டாள்.

கோடை வந்தது. கிழக்கிலிருந்து ஒரு புதுக் கூட்டம் எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தது. அதில் ஒருவன் பேர் கோலியத். பைபிள் அரக்கனின் பேர், ஆளோ என் தோளுக்குத்தான் வருவான். அவர்கள் வந்த மறுநாள் விடியல், பனிமூட்டம் இன்னும் புல்லில் கிடந்த நேரம். மரங்கள் பாதிதான் தெரிந்தன. கோலியத் தன் முதல் கூடையை இறக்கினான், கிளறினான், ஒட்டிய காம்போடு ஒரு ஜோடிப் பழத்தை எடுத்தான். பேசாமல் எங்கள் நெருப்பில் போட்டான்.

மிசெல்லி ஏணியிலிருந்து இறங்கியது எனக்கு நினைவில்லை. அவன் முன்னால் நின்றிருந்தாள்.

"நீங்க செர்ரி திங்க மாட்டீங்களா?"

"எங்க வீட்டுல யாரும் திங்க மாட்டோம்மா. எங்க தாத்தாவோட அப்பனைப் பெத்தவளுக்குச் செர்ரின்னா உசுரு. அவ செத்தப்ப அவ வண்டியை எரிச்சாங்க, பேரைச் சொல்றதை விட்டாங்க, பழத்தையும் விட்டாங்க. வருசத்து முதல் ஜோடி மட்டும் நெருப்புல, அவளுக்கு."

"அவங்களுக்குப் பொம்பளப் பிள்ளை உண்டா?"

"ஒண்ணு இருந்துச்சாம். தாயில்லாப் பிள்ளைன்னு மேக்க போன சொந்தக்காரங்களோட அனுப்பிட்டாங்க. அப்புறம் தகவலே இல்ல. ஓஷன்னு பேரு. செத்த சேதி இன்னும் எங்களுக்கு வரல, அதான் பேரைச் சொல்றேன்."

மிசெல்லி ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கோ அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. செத்தவர் பேரை உச்சரிக்காதது எங்கள் வழக்கம்தானே? எங்களில் பாதி ஆட்கள் அதை விட்டுவிட்டார்கள், அதனால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தாய் பேரைச் சொல்லாத ஒரு காரணத்துக்காகவே ஓஷனை வெளியாள் என்று ஏசினோம். எங்களவளாக இருந்ததால்தான் அந்தச் சின்னப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

"ஓஷனோட அம்மா பேருன்னு மூணு வெச்சிருக்கியே, எது சரின்னு அவன்கிட்டக் கேளு. தலையாட்டினாப் போதும்" என்றேன்.

"வேணாம் அண்ணி. ஆயுசுக்கும் அவ காப்பாத்துனதை நானா உடைக்கறது?"

சாயங்காலம் கெர்லெண்டா வந்தாள். எங்கள் கூடையிலிருந்தே ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, "என்னடி, ஆள் கெடச்சாங்களாமே? யாரோட ஆளுங்க நீங்க?" என்றாள்.

மிசெல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"பேர் சொல்லக் கூடாதவளோட ஆளுங்க."

கெர்லெண்டா வாய்வரை கொண்டுபோன பழத்தைத் திரும்பக் கூடையில் வைத்தாள்.