பிடிக்குள் மட்டும் பேச்சு

எங்கள் ஊரில் யாரும் யாரையும் அடைத்து வைப்பதில்லை. கேட்பார்கள், அவ்வளவுதான். மாடியிலிருந்து இறங்கி, நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நடந்து, வாசலைத் தொடுவதற்குள் மெஷின்காரர்கள் கேட்டுவிடுவார்கள். எங்கீங்க கெளம்பிட்டீங்க. வெயிலா இருக்குதுங்களே. அண்ணங்கிட்டச் சொல்லீட்டீங்களா. அண்ணன் என்பது என் கணவர். அத்தனை மரியாதைக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் போக நினைத்த இடம் ஆறிப்போயிருக்கும். திரும்பி மாடியேறிவிடுவேன்.

நல்லூரில் எங்கள் வீடு எங்களுடைய பனியன் துணி யூனிட்டுக்கு மேலே இருக்கிறது. பஞ்சுத்தூசி ஏறிவருமென்று ஜன்னல்களைத் திறப்பதில்லை. கீழே மெஷின்கள் சுற்றும்; துணி குழாய்போல இறங்கிக்கொண்டே இருக்கும்; தரை அதிரும்; மேசையில் வைத்த டம்ளர் தண்ணீர் நாள் முழுக்கத் தனக்குள் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். நாற்பதைத் தாண்டிய நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எழுத உட்கார்ந்தால் வரிகளும் வட்டமாகவே வந்தன. புறப்பட்ட சொல்லுக்கே வந்து சேர்ந்தன.

எங்களோடு என் கணவரின் அக்காவும் இருக்கிறார். எங்கள் பக்கம் நங்கையா என்போம். கணவரை இழந்த பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அவருக்கு ஒரே மகன்; அவனும் எங்களோடுதான். முறைப்படி என் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டியவன். மகள் தொட்டிலில் கிடந்தபோதே பெரியவர்கள் பேசி முடித்துவைத்த உறவு அது. அவள் வளர்ந்தாள், வேலைக்கென்று பெங்களூர் போனாள், அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். வீடே வாயடைத்து நின்றபோது சரி என்று சொன்னது நான்தான். அன்றைக்கு நின்றது நங்கையாவின் பேச்சு. அதுவரைக்கும் வார்த்தைக்கு வார்த்தை என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

ஒரே சமையலறையில் பேசாமல் வாழ்வது தனி வித்தை. மாவு தீர்ந்துவிட்டதென்று அவர் ஃபிரிட்ஜிடம் சொல்வார். சாயங்காலம் ஆட்டிக்கொள்ளலாமென்று நான் கிரைண்டரிடம் சொல்வேன். ஒருமுறை விருந்துக்கு வந்த என் தங்கை இதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "உங்க ஊட்ல மனுசரத் தவுத்து எல்லாத்துக்கும் காது கேக்குதுக்கா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் உறுமியது.

போன வருடம் நங்கையாவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் மீண்டுவிட்டது. இடது கையும் மடங்கியது, நீண்டது, பாத்திரத்தைப் பிடித்தது. நடையில் மட்டும் ஒரு தள்ளாட்டம் தங்கிவிட்டது. இன்னொரு தரம் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்று பயமுறுத்திய பிசியோதெரபிப் பெண்தான் அந்த இடத்தைச் சொன்னாள். ஜூடோவும் ஜுஜுட்சுவும் சொல்லித்தரும் கிளப். யார் வேண்டுமானாலும் வரலாம், எந்த வயதும், எந்த உடம்பும். முதலில் அங்கே கற்றுக்கொடுப்பது விழுவதற்கு. அடிபடாமல் விழுவதற்கு.

என் கணவர் யோசித்தார். அக்கா தனியாகப் போக முடியாது, கூட நீயும் போயேன் என்றார். இப்படித்தான் எனக்குக் கதவு திறந்தது. சாவி நங்கையாவின் நோயில் இருந்தது.

மூடிப்போன ஒரு தையல் யூனிட்டின் மேல்தளம் அது. மெஷின்கள் போன இடத்தில் விரிப்புகள். விரிப்புக்கு அடியில் பனியன் கட்டிங் வேஸ்ட் அடைத்த மெத்தைகள். விழுந்தால் சத்தமே வராது, துணி விழுங்கிவிடும். போலியோவில் கால் சூம்பிய டெய்லர் ஒருவர், ஒடிசாவிலிருந்து வந்த ஆபரேட்டர்கள், பார்வை குறைந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, எங்களைப்போல இடுப்பு பெருத்தவர்கள் சிலர். மாஸ்டர் ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கம். முதல் நாளே எங்களைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். காரணம் இருந்தது. உருண்டு புரளும்போது யார் கால் யார்மேல் பட்டாலும், பட்டவர் உடனே பிடியை விட்டுவிட்டு எதிராளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். தளம் முழுக்க ஒரே கும்பிடு. மல்லுக்கட்டே நடக்கவில்லை.

"ஜூடோன்னா காலு படத்தான் செய்யும். கும்பிடுதத எல்லாம் சேத்து வச்சு, கடைசில மொத்தமா ஒருவாட்டி கும்பிட்டுக்கிடுங்க" என்றார் மாஸ்டர். வகுப்பு முடிவில் எதிரெதிரே நின்று குனியும் வழக்கம் இருந்தது. எங்கள் எல்லாப் பாக்கியும் அந்த ஒரே குனிவில் தீர்ந்தது.

எனக்கு உடம்பு திரும்பக் கிடைத்தது. ஜூடோவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியை ஒருவர் பற்றும்போது என் எடை எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. விழுந்து எழுந்த தோளோடு வீட்டுக்கு வந்து எழுதினால், வரி நேராக ஓடிப்போய் எங்கோ நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காக மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவார் நங்கையா. என்மேல் கைபடாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை அவர் தம்பியிடம் சொன்னார், நாளையோடு சரி, நடை தேறிவிட்டது, இனிப் போகவேண்டியதில்லை என்று. என் கணவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, கட்டளையில்லை. "அப்பறம் நீ மட்டும் எதுக்குங் கண்ணு தனியாப் போயிட்டு" என்றார். அவ்வளவு மெதுவாகச் சாத்தப்பட்ட கதவு சத்தம்கூடப் போடவில்லை. வாங்களேன் நங்கையா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த வாய். அதைத் திறந்தால் முதலில் வெளியே வருவது மகளின் கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும் என்று தெரியும். கேட்கவில்லை.

ஞாயிறன்று மாஸ்டர் எங்களை ஜோடியாக நிறுத்தினார். அதுவரை இருவரும் சொல்லாமலே ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி வேறு ஜோடி பிடித்துக்கொள்வோம். அன்றைக்கு எடைக்கு ஏற்ற பெண்கள் வேறு யாரும் வந்திருக்கவில்லை. கீழே கிடப்பவரைப் பக்கவாட்டில் அமுக்கிப் பிடிப்பதுதான் அன்றைய பாடம். தாங்க முடியாவிட்டால் எதிராளியின் உடம்பில் தட்ட வேண்டும், அல்லது வாய்விட்டுப் போதும் என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் மேலே இருப்பவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். அந்தத் தளத்தில் மீறக்கூடாத சட்டம் அது ஒன்றுதான்.

நான் கீழே. நங்கையா மேலே. என் தலையை வலது கையால் வளைத்துக்கொண்டார். என் ஒரு கை அவர் இடது அக்குளில் மாட்டிக்கொண்டது, இன்னொன்று என் முதுகுக்கு அடியிலேயே மடங்கிப்போனது. அவர் மார்பின் பாரம் என் மூச்சின்மேல் இறங்கியது. விபூதி வாசனை, வேர்வை, தலைக்கு வைத்த எண்ணெய். கண்ணுக்குமுன் வெள்ளைத் துணி மட்டும். மாடிவீடு முழுவதையும் சுருட்டி என்மேல் வைத்ததுபோல இருந்தது.

மாட்டியிருந்த கையின் உள்ளங்கையால் அவருடைய இடது புஜத்தில் தட்டினேன். விடவில்லை. மறுபடி தட்டினேன். இன்னும் இறுகியது. குதிகாலால் தரையில் அடித்தேன். கட்டிங் வேஸ்ட் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று நினைத்தேன். மூச்சு முட்டியது. வேறு வழியில்லை.

"நங்கையா, உடுங்க."

அவர் உடம்பு ஒருமுறை அதிர்ந்தது. பிடி தளர்ந்தது, ஆனால் எழவில்லை.

"தட்டறதுக்கென்ன?"

"தட்டுனனுங்க. கைமேலதானுங்க தட்டுனேன்."

"எந்தக் கை?"

"எடதுங்க."

"அதுல எனக்கொண்ணுந் தெரியாது. கொதிக்கற டம்ளர வெச்சாலுந் தெரியாது."

அந்தக் கையில் மணிக்கட்டுக்கு மேலே கருத்த தழும்பு ஒன்று உண்டு. பார்த்திருக்கிறேன். எதனால் என்று நான் ஃபிரிட்ஜைக்கூடக் கேட்டதில்லை.

இப்போது மூச்சு விட முடிந்தது. அவர் வாய் என் காதருகே இருந்தது. சுற்றிலும் ஆட்கள் புரண்டுகொண்டிருந்தார்கள். நாங்களும் பாடம் பழகுகிறோம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

"என்ற பையங்கிட்ட என்ன கொறையக் கண்ட?"

போதும் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். சட்டம் அது. சொல்லத் தோன்றவில்லை.

"ஒரு கொறையுமில்லீங்க. தங்கமான பையன்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "அவளும் இந்த மாடியிலயே கெடக்கோணுமான்னு நெனச்சனுங்க."

அவர் எடை முழுவதும் ஒரு நொடி என்மேல் இறங்கியது, கால் இடறியவரின் எடை போல.

"அப்ப நானு?" என்றார். "ஆசப்பட்டா இங்க வந்து கெடக்கறேன்?"

மாஸ்டர் விசில் ஊதினார். எழுந்துகொண்டோம். எதிரெதிரே நின்று குனிந்தோம். நான் நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு பக்கம் இருந்தது.

அந்த வாரம் ஃபிரிட்ஜிடம்கூட அவர் எதுவும் சொல்லவில்லை. டம்ளர் தண்ணீர் வட்டம் போட்டது. நான் ஜூடோச் சட்டையைத் துவைத்து மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். இனி தேவைப்படாத துணிகள் போகும் இடம் அது. ஞாயிறு விடிந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கீழே மெஷின்காரர் யாரையோ கேட்கும் குரல்.

"எங்கீங்க, காலங்காத்தால கெளம்பீட்டீங்க?"

"சண்டைக்குங்க," என்றது நங்கையாவின் குரல். மெஷின் சத்தத்தைத் தாண்டி மாடிக்குக் கேட்கிற அளவுக்கு உரக்க. "கூட ஒருத்தி வரோணும். இன்னும் எறங்கக் காணோம்."

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன்.

வீட்டில் எதுவும் மாறிவிடவில்லை. மாவு தீர்ந்த சேதி இன்றைக்கும் ஃபிரிட்ஜ் வழியாகத்தான் எனக்கு வருகிறது. ஜன்னல்கள் திறக்கவில்லை. வாசலில் கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் பேச்சு என்று ஒன்று இருந்தால், அது அந்த விரிப்பின்மேல், ஒருவர் பிடிக்குள் ஒருவர் கிடக்கும்போது மட்டும்தான்.

அந்த ஞாயிறன்று விரிப்பில் அவர்தான் முதலில் போய்ப் படுத்தார். "நீ புடி" என்றார். பக்கவாட்டில் அணைத்து அமுக்கினேன். அவர் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டினால் உடனே விட வேண்டும். தட்டவில்லை. கண்ணை மூடியிருந்தார். பக்கத்து ஜோடிகள் பிடித்து, விட்டு, இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். வலிக்கிறதோ என்று என் பாரத்தை மெதுவாகத் தூக்கினேன்.

"உடாத," என்றார். "சித்தெ இப்படியே இரு கண்ணு."

பாரத்தைத் திரும்ப இறக்கினேன். அவர் தன் வலது கையால் இடது கையைத் தூக்கி என் முதுகின்மேல் போட்டுக்கொண்டார். அந்தக் கைக்கு நான் தெரியமாட்டேன். எனக்கு அது தெரிந்தது. கனமாக இருந்தது.