குருகு வந்த ஞாயிற்றுக்கிழமை

அவர் வசிக்கும் குடியிருப்பில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றே கூப்பிடுவார்கள். உயரக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. எங்காவது கதவு திறக்காவிட்டாலும், பெட்டி நடுவழியில் நின்றுவிட்டாலும் அவர் போன்தான் முதலில் அடிக்கும். வாரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கிலும் சத்தத்திலும் கிடக்கிறவருக்குக் குளிர்காலம் வந்தால் ஒரே ஆசை. ஊருக்கு வெளியே உள்ள சதுப்பு ஏரிச் சரணாலயத்தில், பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மரக்குடிலில் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

வாத்தும் உள்ளானும் அவருக்குச் சலித்துப் போகும் அளவுக்குப் பார்த்தாயிற்று. தொடர்ந்து டிமிக்கி கொடுத்தது பெரிய குருகு ஒன்றுதான். குளிருக்கு வந்து கோரைக்குள் ஒளிந்துகொள்ளும் பறவை அது. உடம்பெல்லாம் காய்ந்த கோரையின் நிறம். ஆள் அரவம் கேட்டால் கழுத்தை வானத்துக்கு நீட்டி அப்படியே நின்றுவிடும். கண் முன்னால் இருந்தாலும் தெரியாது. ஆனால் குடிலுக்கு வருகிற மற்ற எல்லோருக்கும் அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. நேற்று வந்திருந்தால் பார்த்திருக்கலாமே என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

அவர் மனைவிக்குப் பறவைகளில் நாட்டமில்லை. வீட்டில் தனியாக இருப்பதற்குப் பதில் கூடப் போய், பின்னல் ஊசியும் கம்பளி நூலுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். கொக்குக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது என்று கணவரைக் கேலி செய்வார்.

அந்த ஞாயிறு பனி விலகும் நேரத்தில் எதிர்க்கரைக் கோரை அசைந்தது. காற்றே இல்லை. லிஃப்ட்காரர் பைனாகுலரைத் தூக்கினார். அதே நொடியில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

சூப்பர்வைசர்தான். அன்று டியூட்டியில் இருக்க வேண்டியவன் போனை அணைத்து வைத்துவிட்டானாம். "நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. ஒரு அம்மா உள்ள தனியா மாட்டிக்கிட்டிருக்காங்க."

உள்ளே ஆள் இருக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? பைனாகுலரை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வழி நெடுக, அந்தச் சகதொழிலாளியையும் சூப்பர்வைசரையும் லிஃப்டைக் கண்டுபிடித்தவனையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே போனார்.

பெட்டி இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றிருந்தது. கதவுக்கு அப்பால் அந்தப் பெண்மணிக்கு மூச்சிரைப்பது வெளியே கேட்டது.

"பயப்படாதீங்கம்மா, காத்து வரும். நான் மேல போய்க் கையால இறக்கிடுறேன்."

"உடனே போயிடாதீங்க. கொஞ்சம் ஏதாவது பேசுங்க."

என்ன பேசுவது? மனதில் இருந்தது ஒன்றுதான். கோரை அசைந்ததையும் போன் வந்ததையும் எரிச்சலோடு கொட்டித் தீர்த்தார். உள்ளே மூச்சிரைப்பு மெல்லத் தணிந்தது. "அப்போ என்னாலதான் போச்சா?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"உங்களால இல்லம்மா. என் தலையெழுத்து."

மேலே மெஷின் ரூமுக்கு ஏறி, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெண்மணி வெளியே வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். ஆனால் பக்கத்தில் நின்ற அந்தக் கட்டடத்துச் சங்கச் செயலாளர், ஞாயிறு என்றால் ஊர் சுற்றப் போய்விடுகிறீர்கள், கூப்பிட்டால் வர இவ்வளவு நேரமா என்றார். லிஃப்ட்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பழுதைத் தேடப் போனார்.

அதைச் சரிசெய்து மாலையில் திரும்பி வந்தபோது சரணாலயத்தின் வாசலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மனைவி வெளியே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே இவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வந்துச்சுங்க" என்றார் மனைவி, திருடிவிட்டு அகப்பட்டவர் மாதிரி.

 வண்டியில் பாதி வழி வந்ததும் லிஃப்ட்காரரால் பொறுக்க முடியவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"கண்ணு மஞ்சளா இருந்துச்சு. காலைப் பூனை மாதிரி மெதுவா எடுத்து வெச்சுது. ஒரு தவளையப் புடிச்சு அத முழுங்க முடியாம... நான் மூச்சே விடலீங்க."

மனைவி சாதாரணமாகச் சொல்லத்தான் பார்த்தார், ஆனால் குரலில் பரவசம் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் மனைவி எதைப் பற்றியும் இப்படிப் பேசி லிஃப்ட்காரர் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். வரவில்லை. கோபப்படவும் ஆள் இல்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டார். போன் வராத ஒரு நாளாவது வேண்டும், இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்றார். இழுத்தடித்து ஒருவழியாக ஞாயிறுக்குப் பதில் புதன்கிழமையை விடுமுறையாகக் கொடுத்தார்கள். அதற்குள் வெயில்காலம் வந்து, குருகு போய்விட்டது.

அடுத்த குளிரில் மனைவி தனக்கென்று ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டார். புதன்கிழமை அவருக்குத் தையல் வகுப்பு. அதனால் ஞாயிறுதோறும் எதிர்வீட்டு அக்காவை அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறார். குருகை இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டார். லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் ரூமில் இருக்கிறார். புதன்கிழமைகளில் யாருமில்லாத குடிலில் தனியாக உட்கார்ந்து, அசையாத கோரையை முறைத்துக்கொண்டிருக்கிறார்.